பாட்டு வரியைக் கட்டுரையில் எடுத்துப் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசை பற்றி எழுதுகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது பல வருடமாக என் வேலை. வருகிற கட்டுரைகளில் இரண்டு வகை அதிகம். ஒன்றில் பாட்டு முழுசாக இருக்கும், கீழே "என்ன அருமையான வரிகள்!" என்ற ஒரே வாக்கியம் மட்டும் எழுதியவருடையது. இன்னொன்றில் பயத்தால் ஒரு வரிகூட இருக்காது. சரணத்தில் கவிஞர் செய்த வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பார், ஆனால் அந்தச் சரணத்தை வாசகர் கண்ணில் காட்டியிருக்க மாட்டார். முதல் வகை சட்டத்துக்கு ஆகாது. இரண்டாவது வகை வாசகருக்கு ஆகாது.

என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இந்தியச் சட்டத்தை, அதாவது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை வைத்தவை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பின்னால் ஒரு கேள்வி தனியாக இருக்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை, ஆகவே விவகாரம் நோட்டீஸ் வரை போய்விட்டால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

ரெண்டு வரி போட்டாலே கேஸ் போடுவாங்களா?

பாட்டைப் பற்றிப் பேசுவதற்காக இரண்டு வரி எடுத்தால் அது மீறலே இல்லை. சட்டத்தின் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் மீறல் ஆகாது என்று ஒரு நீளமான பட்டியல் தருகிறது. அதில் முதலாவதே நமக்கு உரியது: சொந்த உபயோகமும் ஆராய்ச்சியும், விமர்சனமும் மதிப்புரையும், நடப்புச் செய்தியைச் சொல்வது. இந்த மூன்று காரியங்களுக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாளலாம். சட்டக்காரர்கள் இதை 'ஃபேர் டீலிங்' என்பார்கள்.

இதில் இரண்டு நிபந்தனை இருப்பதைக் கவனியுங்கள். காரியம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும், கையாண்ட விதமும் நியாயமாக இருக்க வேண்டும். காலை வணக்கப் படத்தின் மேல் அழகுக்காக இரண்டு வரி போடுவது இந்த மூன்றிலும் சேராது. சின்ன அளவு என்பதால் யாரும் கண்டுகொள்ளாமல் விடலாம், ஆனால் அது விமர்சனம் ஆகிவிடாது.

ஒரு பாட்டுக்கு ஒரு காப்பிரைட் தானே?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாடல் வரி ஓர் இலக்கியப் படைப்பு. மெட்டு ஓர் இசைப் படைப்பு. சட்டம் தரும் விளக்கத்திலேயே, இசைப் படைப்பு என்பது ஸ்வரக் குறிப்பை உள்ளடக்கும், ஆனால் பாடப்படும் சொற்களை உள்ளடக்காது என்று இருக்கிறது. மூன்றாவது, ஒலிப்பதிவு. இவற்றோடு பாடியவர், வாசித்தவர் ஆகியோருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு.

ஆகவே கட்டுரையில் வரியை மட்டும் எடுத்தால் முதல் உரிமையைத்தான் தொடுகிறீர்கள். ஸ்வரம் எழுதினால் இரண்டாவது. ஒலித்துண்டு சேர்த்தால் அத்தனையும். கீழே வரும் பதில்களில் 'எந்த அடுக்கு' என்று நான் சொல்வது இதைத்தான்.

எத்தனை வரி வரைக்கும் போடலாம்? நாலு வரி, முப்பது செகண்ட்னு ஒரு கணக்கு இருக்காமே?

அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் எங்கேயும் இல்லை. நாலு வரி, எட்டு ஆவர்த்தனம் (தாளத்தின் எட்டு சுற்று), பத்து சதவீதம், முப்பது விநாடி என்று உலவுபவை எல்லாம் காதுவழிச் செய்திகள். சில நிறுவனங்கள் தங்கள் வசதிக்காக உள்விதியாக ஓர் எண்ணை வைத்திருக்கலாம், நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது.

நீதிமன்றம் பார்ப்பது விகிதத்தையும் நோக்கத்தையும். 1972இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் நீதிபதி டென்னிங் பிரபு சொன்னதை இந்திய நீதிமன்றங்களும் எடுத்தாள்கின்றன. நீளமாக எடுத்துப் போட்டுவிட்டுக் குட்டியாகக் கருத்துச் சொன்னால் அது நியாயமில்லாமல் போகலாம், கொஞ்சமாக எடுத்து நிறையப் பேசினால் நியாயமாக இருக்கலாம் என்பது அதன் சாரம். கட்டுரையைத் திருத்தும்போது நான் பிடித்துக்கொள்கிற கயிறு இதுதான். எடுத்த ஒவ்வொரு வரியைப் பற்றியும் ஏதாவது பேசியிருக்கிறாரா என்று பார்ப்பேன். பேசாத வரியை எடுத்துவிடுவேன்.

ஓர் உதாரணம். ஒரு திரைப்பாடல் கட்டுரை, சுமார் 1,100 சொற்கள். பாட்டு இருபது வரி, எழுதியவர் இருபதையும் போட்டிருந்தார். ஆனால் அவர் உண்மையில் பேசியது இரண்டாம் சரணத்தில் ஒரே ஓர் இடத்தைப் பற்றி. அதுவரை அடிதோறும் தவறாமல் வந்த எதுகை அங்கே உடைகிறது, நாயகி பேச்சுமொழிக்கு இறங்குகிறாள், எடுப்பும், அதாவது தாளத்தில் வரி தொடங்கும் இடமும், அரை இடம் தள்ளிப் போகிறது. இதைக் காட்ட மூன்று வரி போதும். மற்ற பதினேழையும் எடுத்துவிட்டு, "முதல் சரணம் முழுக்க எதுகை பிசகாமல் வருகிறது" என்று ஒரு வாக்கியம் சேர்த்தோம். படிக்கிறவரின் கண் நேராக அந்த மூன்று வரிக்குப் போயிற்று. சட்டத்துக்காகச் செய்த வெட்டு, கட்டுரைக்கே நல்லதாக முடிந்தது.

பல்லவி மட்டும் போட்டா சின்னதுதானே?

அளவு சின்னது, ஆனால் பாட்டின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எவ்வளவு எடுத்தோம் என்பதோடு, எடுத்த பகுதி எவ்வளவு முக்கியமானது என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். பல்லவியைப் பற்றித்தான் உங்கள் பேச்சு என்றால் தயங்காமல் எடுங்கள்.

பாடலாசிரியர் பேரு, படத்தோட பேரு எல்லாம் போட்டுட்டேன். அப்புறம் என்ன?

பெயர் போடுவது கட்டாயம் செய்ய வேண்டிய காரியம். ஆனால் அது அனுமதி ஆகாது. முழுப் பாட்டையும் போட்டுவிட்டு "நன்றி: கவிஞர்" என்று கீழே எழுதினால் மீறல் மீறல்தான். "உரிமை உரியவர்களுக்கே" என்ற வாசகமும் அப்படியே, அதனால் எந்தப் பாதுகாப்பும் வராது.

இன்னொரு பக்கம், நியாயமான அளவில் எடுத்தும் பெயரை விட்டுவிட்டால் வேறொரு சிக்கல். 57ஆம் பிரிவின்படி, உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இது நான் எழுதியது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளியிடமே இருக்கிறது. தன் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. திரைப்பாட்டுக் கட்டுரைகளில் இசையமைப்பாளர் பெயரும் பாடகர் பெயரும் இருக்கும், எழுதியவர் பெயர் மட்டும் காணாமல் போகும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். வரியை எடுத்தால் வரியை எழுதியவர் பெயர்தான் முதலில் வர வேண்டும். வரியைக் காதில் விழுந்தபடி தப்பாக எழுதாமல், அச்சில் வந்த பாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதே மரியாதையில் சேர்ந்தது.

நான் இதுல ஒரு பைசா சம்பாதிக்கலையே?

கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். லாபமில்லை என்பது நோக்கத்தை எடைபோடும்போது உங்கள் பக்கம் நிற்கும். ஆனால் காசு வாங்காமல் முழுப் பாட்டையும் எல்லோருக்கும் கொடுத்தாலும் உரிமையாளருக்கு வரவேண்டியது வராமல்தான் போகிறது. மறுபுறம், காசு வாங்கி எழுதும் விமர்சனத்துக்கும் 52ஆம் பிரிவு பொருந்தும். இல்லாவிட்டால் விலை கொடுத்து வாங்கும் எந்தப் பத்திரிகையிலும் பாட்டு விமர்சனமே வர முடியாது.

பழைய பாட்டுன்னா கேட்கவே வேண்டாம்தானே?

எவ்வளவு பழசு, எந்த அடுக்கு என்று பார்க்க வேண்டும். வரிக்கும் மெட்டுக்கும், படைத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குமேல் 60 வருடம். இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரி 1 முதல் எண்ண வேண்டும். ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தார். அவர் வரிகளின் காலம் 2019 டிசம்பர் 31உடன் முடிந்தது. கண்ணதாசன் மறைந்தது 1981, ஆகவே 2041 கடைசி வரை. வாலி 2013, ஆகவே 2073 வரை. இப்போது ஒரு பாட்டை எண்ணிப் பாருங்கள்: வரி பட்டுக்கோட்டையாருடையது, மெட்டு எம்.எஸ்.விஸ்வநாதனுடையது. வரி பொதுவுக்கு வந்துவிட்டது. எம்.எஸ்.வி. மறைந்தது 2015 என்பதால் மெட்டுக்கு 2075 வரை காலம் இருக்கிறது. வரியை முழுசாகவே அச்சிடலாம், ஸ்வரத்தை முழுசாக எழுதிப் போட முடியாது.

பாரதியார் பாட்டு? நாட்டுடைமை ஆனவங்க பாட்டு?

பாரதியார் 1921இல் மறைந்தவர். அவருடைய எழுத்து எல்லோருக்கும் சொந்தம். கால அளவு முடியும்வரை அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. 1949இலேயே சென்னை அரசாங்கம் உரிமையை வாங்கி, பிறகு பொதுவாக்கிவிட்டது. தனியார் கையில் இருந்த ஒரு கவிஞரின் உரிமையை அரசு வாங்கி மக்களுக்குக் கொடுத்த அந்தக் காரியத்தின் தொடர்ச்சிதான் தமிழ்நாட்டின் நாட்டுடைமை வழக்கம். குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து அரசு நூல்களைப் பொதுவாக்குகிறது. நாட்டுடைமை ஆன நூலிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஆனால் அது எழுத்துக்கு மட்டும். பாரதியார் பாட்டுக்குப் பிற்காலத்தில் ஒருவர் போட்ட மெட்டும், அதன் ஒலிப்பதிவும் தனி அடுக்குகள். தேவாரம், திருப்புகழுக்கும் இதே கதைதான்.

கர்நாடக சங்கீதம் எல்லாம் பொதுச்சொத்து தானே? ஸ்வரம் எழுதிப் போடலாமா?

தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி, கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோரின் கிருதிகளில் யாருக்கும் தனி உரிமை இல்லை. ஆனால் 'கர்நாடக சங்கீதம் எல்லாம்' என்பது தவறு. இருபதாம் நூற்றாண்டு வாக்கேயக்காரர்களுக்கு, அதாவது வரியும் மெட்டும் இயற்றியவர்களுக்கு, ஒவ்வொருவராகக் கணக்குப் பார்க்க வேண்டும். முத்தையா பாகவதர் 1945, முடிந்துவிட்டது. மைசூர் வாசுதேவாச்சாரியார் 1961, 2021உடன் முடிந்தது. பாபநாசம் சிவன் 1973, சட்டக் கணக்கு 2033 கடைசியில்தான் முடிகிறது. லால்குடி ஜெயராமனின் தில்லானாக்களுக்கு 2073 வரை. இவற்றிலிருந்து ஆய்வுக்காகவோ விமர்சனத்துக்காகவோ ஓர் ஆவர்த்தனத்தின் ஸ்வரத்தை எழுதிக் காட்டலாம். அந்தத் தில்லானாவில் தாளக் கணக்கு எங்கே மடங்குகிறது என்பதை ஸ்வரம் எழுதாமல் விளக்கவும் முடியாது. முழுத் தில்லானாவையும் எழுதிப் போட்டால் அது கற்றுக்கொள்கிறவர் புத்தகம் வாங்குவதற்குப் பதிலாகிவிடும்.

"நானே காதால் கேட்டு எழுதினேன், எங்கேயும் பார்த்து எழுதவில்லை" என்று பலர் சொல்வார்கள். உழைப்பு உங்களுடையதுதான், ஆனால் எழுதியது அவருடைய மெட்டு. காதால் கேட்டு எழுதினாலும் அது பிரதி எடுப்பதே.

புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவது இன்னொரு விஷயம். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற ஸ்வரக் குறிப்பு நூல் 1904இல் எட்டயபுரத்தில் வெளியானது, அது பொதுவானது. அதன் பிற்காலப் பதிப்புகளில் பதிப்பாசிரியர்கள் எழுதிச் சேர்த்த விளக்கங்கள் அவரவருடையவை. முத்துசுவாமி தீட்சிதர் கிருதியை அந்த மூல நூலிலிருந்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், படத்தை ஒட்டாதீர்கள்.

ராகம், மெட்டு பத்தி வார்த்தையில விவரிச்சா?

தாராளமாக. ராகம், தாளம், ஆரோகண அவரோகணம், 'இங்கே அனுபல்லவியில் மேல்ஸ்தாயிக்குத் தாவுகிறது' என்ற கவனிப்பு, எதுவும் யாருடைய சொத்தும் இல்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, வெளிப்பாட்டுக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாட்டின் தலைப்பை எழுதுவதற்கும் பயப்பட வேண்டாம். தலைப்புக்கு மட்டும் தனியாகப் பதிப்புரிமை இல்லை என்பது 2015இல் கிருஷிகா லுல்லா வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது.

கட்டுரைக்குள்ள ஒரு பத்துப் பன்னிரண்டு செகண்ட் ஆடியோ சேர்க்கலாமா?

2012க்கு முன் கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். அதுவரை விமர்சனத்துக்கான விலக்கு இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் ஆகிய படைப்புகளுக்குத்தான் இருந்தது, ஒலிப்பதிவுக்கும் சினிமாவுக்கும் இல்லை. 2012 திருத்தம், கணினி நிரல் தவிர எந்தப் படைப்புக்கும் பொருந்தும் என்று ஆக்கியது. பாடகரின் உரிமைக்கும் 39ஆம் பிரிவில் நேர்மையான மதிப்புரை, கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறது. ஆகவே நீங்கள் பேசுகிற கமகம் (ஸ்வரத்தின் அசைவு) கேட்கும் அளவுக்கு வெட்டி எடுத்து, துண்டுக்கு முன்னும் பின்னும் அதைப் பற்றி எழுதியிருந்தால் போதுமான காரணம் உங்களிடம் உண்டு. கட்டுரை திறந்ததும் பின்னணியில் தானாக ஓடும் பாட்டு இதில் சேராது.

2012இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் வந்த இந்தியா டிவி, யஷ்ராஜ் பிலிம்ஸ் வழக்கையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பின்னணிப் பாடகி தொலைக்காட்சிப் பேட்டியில் தாம் பாடிய பாடல்களிலிருந்து துண்டு துண்டாகப் பாடினார். முதலில் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு, இவ்வளவு அற்ப அளவுக்குச் சட்டம் தலையிட வேண்டியதில்லை என்ற கொள்கையை வைத்து அந்தத் தடையை விலக்கியது. அது ஃபேர் டீலிங்கிலிருந்து வேறான ஒரு வாசல் என்பதை மறக்காதீர்கள்.

எல்லாம் சரியா செஞ்சும் தளம் தானாவே என் ஆடியோவை எடுத்துடுச்சே?

தளத்தில் இருக்கும் இயந்திரம் ஒலியை ஒப்பிடும், விமர்சனத்தைப் படிக்காது. அது எடுத்துவிட்டதால் நீங்கள் சட்டத்தை மீறிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை, விட்டுவைத்ததால் மீறவில்லை என்றும் அர்த்தமில்லை. ஆட்சேபம் தெரிவிக்கும் வழி இருந்தால், எந்த நோக்கத்துக்காக எந்தப் பகுதியை எடுத்தீர்கள் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதி அனுப்புங்கள். உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், இந்திய விதிப்படி தளம் 36 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். 21 நாளில் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அதைத் திரும்ப வைக்கலாம்.

நானே மொழிபெயர்த்துப் போட்டா அது என் எழுத்துதானே?

மொழிபெயர்ப்பில் உங்கள் உழைப்பு உண்டு, ஆனால் மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருடையதே. இந்திப் பாட்டு ஒன்றின் மூன்று வரியைத் தமிழில் சொல்லி விமர்சிப்பது, மேலே வரிகளுக்குச் சொன்ன அதே கணக்கில் சரி. முழுப் பாட்டின் மொழிபெயர்ப்புக்கு அனுமதி வேண்டும். பொழிப்பாக 'இரண்டாம் சரணத்தில் பிரிவைச் சொல்கிறான்' என்று எழுதுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

ஒரு பாட்டை விமர்சிக்க வேற பாட்டோட வரியை எடுக்கலாமா? எதிர்ப்பாட்டு எழுதினா?

எடுக்கலாம். சட்டத்தின் வாசகமே 'அந்தப் படைப்பையோ வேறு எந்தப் படைப்பையோ' விமர்சிப்பதற்கு என்றுதான் இருக்கிறது. ஒப்பிட்டு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

எதிர்ப்பாட்டு கொஞ்சம் நுணுக்கமானது. கேரள உயர் நீதிமன்றத்தில் 1996இல் முடிவான சிவிக் சந்திரன் வழக்கு இதற்கு வழிகாட்டி. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்தை விமர்சித்து சிவிக் சந்திரன் ஓர் எதிர்நாடகம் எழுதினார், மூலத்திலிருந்து கணிசமாகவே எடுத்திருந்தார். நீதிமன்றம் மூன்றைப் பார்த்தது: எடுத்ததின் அளவும் மதிப்பும், எடுத்த நோக்கம், இரண்டுக்கும் இடையே போட்டி வருமா என்பது. மூலத்தைக் காப்பியடிப்பது நோக்கமில்லை, அதை விமர்சிப்பதுதான் என்று கண்டு எதிர்நாடகத்தின் பக்கம் நின்றது. உங்கள் எதிர்ப்பாட்டு மூலப் பாட்டோடு சண்டை போடுகிறதா, அல்லது அதன் மெட்டை வசதிக்காக மட்டும் கடன் வாங்கித் தேர்தலுக்கோ விளம்பரத்துக்கோ ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது என்றால் அனுமதி வாங்குங்கள்.

கட்டுரைகள் புத்தகமா வருது. பதிப்பகத்துல எல்லா வரிக்கும் அனுமதிக் கடிதம் கேக்கறாங்க. சட்டம் மாறிடுச்சா?

சட்டம் அதேதான். பதிப்பாளர் அச்சிட்ட பிரதிகளில் காசு போட்டிருக்கிறார், அதனால் எச்சரிக்கையாக இருக்கிறார். எந்த வரி எந்தப் பக்கத்தில், அதைப் பற்றி எத்தனை பத்தி பேசியிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பல தடவை அந்தத் தாளைப் பார்த்ததும் பேச்சு சுமுகமாக முடிந்திருக்கிறது. அத்தியாய முகப்பில் அலங்காரமாக நிற்கும் வரிகளுக்கு மட்டும் அனுமதி வாங்குங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். அவற்றைப் பற்றி நீங்கள் எதுவும் பேசவில்லை.

அனுமதி யார்கிட்ட கேக்கறது?

திரைப்பாட்டில், ஒப்பந்தம் வேறு மாதிரி இல்லாவிட்டால் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. அவரிடமிருந்து உரிமை பெரும்பாலும் இசை நிறுவனத்துக்குப் போயிருக்கும். இசைத்தட்டின் உறையிலோ செயலியில் பாட்டுக்குக் கீழேயோ அந்தப் பெயர் இருக்கும். அங்கிருந்து ஆரம்பியுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு திரையரங்கைத் தாண்டிப் பயன்படும்போது வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு, அதை அவர்கள் விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுக்கவும் முடியாது.

கடிதத்தில் எந்த வரிகள், எந்தக் கட்டுரை, எத்தனை பிரதி என்று குறிப்பாகக் கேளுங்கள். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் இலங்கையில / சிங்கப்பூர்ல / அமெரிக்காவுல இருக்கேன். இதே பதில்தானா?

அடிப்படை ஒன்றுதான், வழி வேறு. இந்தியாவில் மூன்று காரியம் என்று பட்டியல் மூடியிருக்கிறது. அமெரிக்காவின் 'ஃபேர் யூஸ்' திறந்த கதவு. எந்தக் காரியமானாலும் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் விளைவு ஆகிய நான்கையும் எடைபோடுவார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டமும் இதே நான்கைப் பின்பற்றுகிறது, சிங்கப்பூரின் 2021 சட்டமும் ஃபேர் யூஸ் என்றே சொல்கிறது. ஆனால் இந்த இரண்டு நாடுகளிலும் காலம் ஆயுளும் 70 வருடமும். பட்டுக்கோட்டையார் கணக்கை அங்கே அப்படியே போட்டுவிடாதீர்கள்.

நோட்டீஸ் வந்துடுச்சு. உடனே எடுத்துடணுமா?

முதலில் நோட்டீஸை முழுசாகப் படியுங்கள். எந்த அடுக்கைப் பற்றிப் புகார், எந்த வரி, அனுப்பியவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வந்த நோட்டீஸ், ஒலிப்பதிவு உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து. அவர் கட்டுரையில் ஒலியே இல்லை, நான்கு வரி மட்டும்தான். அதைச் சுட்டிக்காட்டிப் பதில் போட்டார், அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்று இருப்பதை மேற்கோள் காட்டி மிரட்டுவார்கள். அது தெரிந்தே செய்யும் மீறலுக்கு உரியது. ஆதாரமில்லாமல் மிரட்டினால் நீங்களே நீதிமன்றம் போக 60ஆம் பிரிவில் வழி இருக்கிறது. முழுப் பாட்டையும் போட்டிருந்தால் வீம்பு வேண்டாம், அன்றைக்கே எடுத்துவிட்டு எடுத்ததைத் தெரிவியுங்கள். மூன்று வரி எடுத்து இரண்டு பக்கம் பேசியிருந்தால், அந்த இரண்டு பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.